ஓடுபாதைக்காக ஒரு தீவு: பசிபிக் போரின் ஆவணப் புகைப்படங்களை உரும்பிராயிலிருந்து வாசித்தல்

இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் சமுத்திரத் தீவுகளில் எடுக்கப்பட்ட இராணுவப் புகைப்படங்கள் இன்று பெருந்தொகையாக இணையத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம், கன்பராவில் உள்ள அவுஸ்திரேலியப் போர் நினைவகம், லண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகம் ஆகியன அவற்றைப் பேணி வருகின்றன. மேற்குலகில் இவற்றைப் பார்ப்பவர்களில் பலர் படையினரின் பேரப்பிள்ளைகள். அவர்கள் தங்கள் பாட்டனாரின் முகத்தைத் தேடுகிறார்கள். போருக்குள் வாழ்ந்த எங்களைப் போன்றவர்களின் கண் வேறு இடங்களுக்குப் போகிறது. மொட்டையாக நிற்கும் தென்னைகள், மண்மூட்டைகள், கம்பி வேலிக்கு அப்பால் நிற்கும் பெண்கள், ஒரு காலத்தில் ஊராக இருந்து ஓடுபாதையாக மாறிய வெள்ளை நிலம் என்பவற்றையே நாம் முதலில் காண்கிறோம்.

இந்தக் கட்டுரை அந்தப் படங்களை எப்படி வாசிப்பது என்பதைப் பற்றியது. அவை யாரால், எதற்காக எடுக்கப்பட்டன, எதைக் காட்டுகின்றன, எதை விட்டுவிட்டன, அவற்றிலிருந்து எமது ஆவணப்படுத்தலுக்கு என்ன கற்கலாம் என்பதைத் தொகுத்துத் தர முயல்கிறேன்.

பலாலியும் அந்தப் போரும்

பசிபிக் எமக்குத் தூரம். ஆனால் அந்தப் போர் தூரத்தில் நடக்கவில்லை. நான் உரும்பிராயில் வசிக்கிறேன். எங்கள் ஊரை ஊடறுத்துச் செல்லும் பலாலி வீதி, புன்னாலைக்கட்டுவனையும் வசாவிளானையும் கடந்து சென்று சேரும் விமான ஓடுபாதை, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படையால் அமைக்கப்பட்டது. அக்காலப் படை ஆவணங்களில் அது காங்கேசன்துறை விமானத்தளம் என்ற பெயரில் வருகிறது. பழைய படங்களைத் தேடுவோர் பலாலி என்ற பெயரில் மட்டும் தேடினால் பலவற்றைத் தவறவிடுவர்.

1942 ஏப்ரல் 5 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும், 9 ஆம் திகதி திருகோணமலையையும் தாக்கின. அதே 9 ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டு 307 பேர் இறந்தனர். அந்தக் கப்பல் சாய்ந்து மூழ்கும் புகழ்பெற்ற படங்களை எடுத்தவர்கள் அதைத் தாக்கிய ஜப்பானிய விமானிகளே. ஒரு போர்ப் படத்தைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கமரா யாருடைய கையில் இருந்தது என்பதே.

அந்தத் தாக்குதலின் பின்னர் இலங்கை ஒரு பெரும் படைத்தளமாக மாறியது. தென்கிழக்காசியக் கட்டளைப் பீடம் 1944 இல் பேராதனைக்கு வந்தது. அதே ஆண்டில் 160 ஆவது விமானப் படையணியும், 1945 இல் 203 ஆவது படையணியும் லிபரேற்றர் என்ற நான்கு இயந்திர நெடுந்தூர விமானங்களுடன் காங்கேசன்துறைத் தளத்தில் இருந்தன. 160 ஆவது படையணி, இலங்கைத் தளங்களிலிருந்து சுமத்திராவுக்கும் நிக்கோபாருக்கும் மேலாகப் பறந்து வான்படங்கள் எடுத்த படையணி. தீவுகளைப் பிடிக்கும் போர் ஒவ்வொன்றும் இத்தகைய வான்படங்களோடுதான் தொடங்கியது.

ஓடுபாதைக்காக ஒரு தீவு

பசிபிக் போரின் வரைபடத்தைப் பார்த்தால் ஒரு கேள்வி எழும். சில சதுர கிலோமீற்றர் மட்டுமே பரப்புள்ள, பலர் பெயர்கூடக் கேட்டிராத பவளத் தீவுகளுக்காக ஏன் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர்? பெரும்பாலான இடங்களில் விடை ஒன்றுதான்: ஓடுபாதை. ஒரு தீவில் ஓடுபாதை கிடைத்தால் அங்கிருந்து விமானங்கள் அடுத்த தீவை எட்டும். 1942 ஓகஸ்டில் அமெரிக்கப் படைகள் குவாடல்கனாலில் இறங்கியது, ஜப்பானியர் அங்கே கட்டிக்கொண்டிருந்த ஓடுபாதையைப் பிடிப்பதற்காக.

1943 நவம்பர் 20 முதல் 23 வரை தராவாப் பவளத்தீவின் பெற்றியோ என்ற துண்டு நிலத்தில் நடந்த சண்டை இதற்குக் கொடூரமான உதாரணம். அதன் நீளம் உரும்பிராய்ச் சந்தியிலிருந்து கொண்டாவிலைத் தாண்டி நடக்கும் தூரத்துக்கு மேல் இல்லை. அங்கே அமெரிக்கத் தரப்பில் ஆயிரம் பேருக்கு மேல் இறந்தனர். கொரியத் தொழிலாளர்களையும் சேர்த்து ஜப்பானியத் தரப்பில் ஏறத்தாழ 4,800 பேர் இருந்தனர். அவர்களுள் உயிருடன் பிடிபட்டவர்கள் 17 ஜப்பானியரும் 129 கொரியரும்தான்.

பெற்றியோவின் படங்களில் எமக்குப் பழக்கமான ஒன்று உண்டு: தலையிழந்த தென்னைகள். எறிகணை விழுந்த இடத்தில் மரம் எப்படி நிற்கும் என்பதை எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. எமது பனைகள் அப்படி நின்றதை நாம் பார்த்திருக்கிறோம். ஜப்பானியர் தென்னங்குற்றிகளை அடுக்கி, மேலே மணலும் பவளக் கல்லும் கொட்டிக் காப்பரண் கட்டியதை அப்படங்கள் காட்டுகின்றன. பனங்குற்றி அடுக்கிய பங்கருக்குள் இருந்தவர்களுக்கு அதன் உள்ளே எப்படி மணக்கும் என்பதும் தெரியும். படம் மணத்தைக் காட்டாது.

1944 செப்ரெம்பர் 15 இல் தொடங்கிய பெலெலியுச் சண்டையும் ஓர் ஓடுபாதைக்கானது. சில நாட்களில் முடியும் என்று தளபதிகள் எதிர்பார்த்தது இரண்டு மாதங்களுக்கு மேல் நீண்டது. தினியன் தீவில் அமெரிக்கக் கட்டுமானப் படையணிகள் பவளக் கல்லை நொருக்கிப் பரவி நீண்ட ஓடுபாதைகளை அமைத்தன. 1945 ஓகஸ்ட் 6 ஆம் திகதி ஹிரோசிமாவில் அணுகுண்டு வீசிய விமானம் அங்கிருந்துதான் கிளம்பியது. தினியனின் வான்படங்களைப் பார்த்தால் தீவின் வடபகுதியில் நிலத்தைவிட ஓடுபாதையே அதிகம்போலத் தோன்றும்.

முகாமின் அன்றாடம்

சண்டைப் படங்களைவிட முகாம் வாழ்க்கைப் படங்கள் எண்ணிக்கையில் அதிகம். எண்ணெய்ப் பீப்பாவை வெட்டிச் செய்த அடுப்பு, வரிசையில் நின்று கடிதம் வாங்கும் படையினர், மழைத் தண்ணீரில் தோய்த்த உடுப்பு, மரக்குற்றிகளில் அமர்ந்து பார்க்கும் திரைப்படம், தென்னோலை வேய்ந்த சிறிய தேவாலயம், புதிதாக நாட்டிய சிலுவைகள். மலேரியாத் தடுப்பு மாத்திரையை விழுங்கச் சொல்லும் பெரிய அறிவிப்புப் பலகைகளும் அடிக்கடி தென்படுகின்றன. குவாடல்கனாலிலும் நியூ கினியிலும் காயப்பட்டுப் படுத்தவர்களைவிட மலேரியாவால் படுத்தவர்கள் பல மடங்கு.

இந்தப் படங்களை அலட்சியம் செய்யக்கூடாது. அவை படையினரை மனிதராகக் காட்டுகின்றன. வீட்டை நினைத்து ஏங்கும் இருபது வயதுப் பொடியன்கள் அவர்கள். அதே வேளை, இவை எடுக்கப்பட்டதன் நோக்கத்தையும் நினைவில் வைக்க வேண்டும். பிள்ளைகள் நலமாக இருக்கிறார்கள் என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்வது அந்த நோக்கங்களுள் ஒன்று.

கமராவும் தணிக்கையும்

பெரும்பாலான படங்களை எடுத்தவர்கள் சீருடை அணிந்த புகைப்படக்காரர்கள். அமெரிக்கக் கடற்படையின் விமானப் புகைப்படப் பிரிவுக்கு எட்வேர்ட் ஸ்ரைக்கன் தலைமை தாங்கினார். முதலாம் உலகப் போரிலேயே வான்படப் பணியில் இருந்த புகழ்பெற்ற கலைஞர் அவர். பத்திரிகைகளின் புகைப்படக்காரர்களும் படைகளுடன் சென்றனர். ஆனால் அவர்களின் படச்சுருள்களும் இராணுவத் தணிக்கையைத் தாண்டியே வெளிவந்தன. சிலர் திரும்பி வரவில்லை. கொக்கோடாப் பாதையைப் படம்பிடித்து அவுஸ்திரேலியாவுக்கு முதலாவது ஒஸ்கார் விருது கிடைக்கக் காரணமான டேமியன் பாரர், 1944 செப்ரெம்பர் 17 இல் பெலெலியுவில் கொல்லப்பட்டார்.

போர் தொடங்கி ஏறத்தாழ 21 மாதங்களுக்கு, இறந்து கிடக்கும் அமெரிக்கப் படையினரின் படம் எதுவும் அமெரிக்க மக்களுக்குக் காட்டப்படவில்லை. நியூ கினியின் பூனாக் கடற்கரையில் மூன்று உடல்கள் கிடக்கும் ஜோர்ஜ் ஸ்ரொக்கின் படம், 1943 செப்ரெம்பர் 20 ஆம் திகதிய லைஃப் சஞ்சிகையில் வந்தபோதுதான் அந்த வழக்கம் உடைந்தது. அதிலும் முகங்கள் தெரியாது. எதிரியின் சடலங்களுக்கு இந்த மரியாதை கொடுக்கப்படவில்லை. அவை முகத்துடனேயே வெளியாகின. எந்தத் தரப்பின் இறந்தவர்களுக்கு முகம் மறைக்கப்படுகிறது, எந்தத் தரப்பினருக்கு மறைக்கப்படுவதில்லை என்பதைக் கவனித்தாலே படத்தை வெளியிட்டவர் யார் என்பது தெரிந்துவிடும்.

புகழ்பெற்ற படமும் முழுமையான ஆவணம் ஆகிவிடாது. ஐவோ ஜீமாவில் 1945 பெப்ரவரி 23 இல் ஜோ றோசென்தால் எடுத்த, ஆறு படையினர் கொடியை நாட்டும் படம் உலகில் அதிகம் மறுபதிப்பான படங்களுள் ஒன்று. அது அன்று அந்த மலையில் நாட்டப்பட்ட இரண்டாவது கொடி. அந்த ஆறு பேரில் இருவரின் பெயர்கள் பிழையாகப் பதியப்பட்டிருந்தன. அதை 2016 இலும் 2019 இலும்தான் அமெரிக்க மரைன் படை ஏற்றுத் திருத்தியது. வேறு கோணங்களில் எடுத்த படங்களுடன் ஒப்பிட்டு, தலைக்கவசத்தையும் இடுப்புப் பட்டியையும் பார்த்துப் பிழையைக் கண்டுபிடித்தார்கள். உலகமே பார்த்த படத்துக்கு இந்த நிலையென்றால், ஒருவரும் பார்க்காத படங்களின் குறிப்புகளை எவ்வளவு கவனமாக நம்ப வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெயர் இல்லாதவர்கள்

படக் குறிப்புகளில் படையினருக்குப் பெயர், தரம், ஊர் எல்லாம் இருக்கும். அருகில் நிற்கும் தீவு மனிதருக்குச் 'சுதேசி' என்ற ஒற்றைச் சொல்தான். 1942 டிசம்பர் 25 இல் பூனாவுக்கு அருகில் ஜோர்ஜ் சில்க் எடுத்த படம் இதற்கு நல்ல உதாரணம். கண்களில் கட்டுடன், தடி ஊன்றி நடக்கும் அவுஸ்திரேலியச் சிப்பாயை ஒரு பப்புவா மனிதர் கைத்தாங்கலாக அழைத்துச் செல்கிறார். சிப்பாய் ஜோர்ஜ் விற்றிங்ரன். அழைத்துச் சென்றவர் ரபாயேல் ஒயிம்பாரி என்பது உலகுக்குத் தெரிய பல பத்தாண்டுகள் எடுத்தன. கொக்கோடாவில் காயப்பட்டவர்களைத் தோளில் சுமந்த ஆயிரக்கணக்கான பப்புவா மக்களில் பெரும்பாலானோருக்கு இன்றும் படம் உண்டு, பெயர் இல்லை.

இந்தியச் சிப்பாய்களும் அந்தத் தீவுகளில் இருந்தார்கள். 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிடிபட்டவர்களில் ஆயிரக்கணக்கானோரை ஜப்பானியர் நியூ கினிக்கும் நியூ பிரிட்டனுக்கும் கப்பலேற்றிக் கட்டாய வேலை வாங்கினர். வேவாக் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்ட ஏறத்தாழ 3,000 பேரில் இருநூறு பேரளவில்தான் உயிர் தப்பினர். அவர்களுள் ஒருவரான சின்த் சிங், பின்னர் போர்க்குற்ற விசாரணைகளில் சாட்சியமளித்தார். விடுவிக்கப்பட்ட கணத்தில் என்பும் தோலுமாய் நிற்கும் இவர்களின் படங்கள் கன்பராவில் உள்ளன.

இன்னும் ஒருபடி கீழே, படமே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். மலாயாவின் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் அவர்கள். அங்கே இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. இறந்த ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு. அவர்களில் பெரும்பாலானோருக்குக் கல்லறையும் இல்லை, படமும் இல்லை. ஆவணம் இல்லாதவரின் சாவு மதிப்பீடாகவே நின்றுவிடுகிறது. இதை 2009 இற்குப் பின்னர் எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

படைகள் வந்தன, மக்கள் எங்கே போனார்கள்?

ஐவோ ஜீமாவின் கொடியைத் தெரிந்தவர்களில் மிகச் சிலருக்கே அங்கு மக்கள் வாழ்ந்தார்கள் என்பது தெரியும். ஏறத்தாழ ஆயிரம் பேர் கரும்பும் மீனுமாக அங்கே வாழ்ந்தனர். 1944 இல் ஜப்பானிய அரசு அவர்களைப் பெருநிலத்துக்கு அப்புறப்படுத்தியது. போர் முடிந்து எண்பது ஆண்டுகள் கடந்தும் அவர்களோ சந்ததியினரோ மீளக் குடியேற அனுமதிக்கப்படவில்லை. இன்று அங்கே இருப்பது ஜப்பானியத் தற்காப்புப் படைத்தளமும் ஓர் ஓடுபாதையும். இறந்தோரை வணங்க எப்போதாவது போய்வரலாம், அவ்வளவுதான்.

பிகினியின் கதை கமராவோடு நேரடியாகத் தொடர்புடையது. 1946 மார்ச்சில் அணுகுண்டுச் சோதனைக்காக அந்தத் தீவின் 167 மக்களும் வெளியேற்றப்பட்டனர். அமெரிக்க அதிகாரி ஒருவர் அவர்களைக் கேட்பதும் அவர்கள் சம்மதிப்பதுமான கூட்டம் கமராவுக்காகப் பல தடவை மீண்டும் நடத்திக் காட்டப்பட்டது. முடிவு ஏற்கனவே எடுக்கப்பட்டிருந்தது. அந்தப் படச்சுருளை மட்டும் பார்ப்பவர் மக்கள் விரும்பியே போனார்கள் என்று நினைப்பார். 1958 வரை அங்கே 23 அணுச் சோதனைகள் நடந்தன. பிகினி மக்கள் இன்னும் வேறு தீவுகளில்தான் வாழ்கிறார்கள்.

ஒக்கினாவாவில் 1945 ஏப்ரல் தொடக்கம் ஜூன் வரை நடந்த சண்டையில் அந்தத் தீவு மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இறந்தனர். இரு படைகளுக்கும் நடுவே, குகைகளுக்குள் ஒளிந்திருந்தவர்கள் அவர்கள். உயிர் தப்பியவர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டிருந்த காலத்திலேயே அவர்களின் ஊர்களும் வயல்களும் தளங்களாக மாறின. கினோவான் நகரின் நடுவே இருக்கும் புத்தென்மா விமானத்தளம் அவ்வாறு உருவானது. அதைத் திருப்பித் தருவதாக 1996 இல் உடன்பாடு வந்தது; நிலம் இன்னும் திரும்பவில்லை.

இவற்றை வாசிக்கும்போது வலிகாமம் வடக்கு மக்கள் எதை நினைப்பார்கள் என்று எழுதத் தேவையில்லை. 1990 ஜூனில் உடுத்த உடுப்போடு வெளியேறியவர்களில் பலர், உரும்பிராயும் அதைச் சூழ்ந்த ஊர்களும் தந்த இடத்தில் வருடக்கணக்காக இருந்தார்கள். 1995 ஒக்ரோபர் 30 இல் அவர்களும் நாங்களும் சேர்ந்தே வலிகாமத்தை விட்டு நடந்தோம். காணிகளில் ஒரு பகுதி கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டுள்ளது. ஓடுபாதையைச் சூழ்ந்த காணிகளின் உரிமையாளர்கள் பலர் இன்னும் காத்திருக்கிறார்கள்.

ஓர் அடி, நூறு யென்

ஒக்கினாவா மக்கள் செய்த ஒரு காரியம் எமக்கு மிகவும் பயன்படும். அவர்களின் அழிவைப் படம்பிடித்த சுருள்கள் முழுவதும் அமெரிக்கக் காப்பகங்களில் இருந்தன. 1983 இல் அவர்கள் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். ஒருவர் நூறு யென் கொடுத்தால் ஓர் அடி நீளப் படச்சுருளின் பிரதியை வாங்கலாம். இதனால் அது 'ஓர் அடி இயக்கம்' என்றே பெயர் பெற்றது. பள்ளிப் பிள்ளைகளும் கிழவர்களும் கொடுத்த பணத்தில் அந்தச் சுருள்கள் அடி அடியாக ஊர் திரும்பின. ஊர்களில் திரையிட்டபோது மக்கள் இடங்களையும் முகங்களையும் அடையாளம் கண்டார்கள்.

1995 இல் அங்கே திறக்கப்பட்ட அமைதிக் கற்களில் இன்று 2,40,000 இற்கும் அதிகமான பெயர்கள் உள்ளன. ஒக்கினாவா மக்கள், ஜப்பானியப் படையினர், அமெரிக்கர், கொரியர் என எல்லோரின் பெயர்களும் அங்கே இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தெரியவரும் பெயர்கள் சேர்க்கப்படுகின்றன.

எமது படங்கள்

எங்கள் வீட்டில் 1995 இற்கு முந்திய படங்கள் மூன்றே மூன்று. அவற்றில் ஒன்றின் பின்புறத்தில் மட்டும் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. பல வீடுகளில் இதுகூட இல்லை. 1981 இல் யாழ் நூலகம் எரிந்தது. 1987 ஒக்ரோபரில் இந்தியப் படை யாழ் நகரை நோக்கி நகர்ந்தபோது உரும்பிராயிலும் கடும் சண்டை நடந்தது. பிறகு இடப்பெயர்வுகள். ஒவ்வொன்றிலும் அல்பங்கள் போயின. வன்னியின் கடைசி மாதங்களில் சுயாதீன ஊடகவியலாளர் எவரும் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. அங்கே என்ன நடந்தது என்பதை ஐக்கிய நாடுகளின் வல்லுநர்கள் செய்மதிப் படங்களில் எறிகணைக் குழிகளைப் பார்த்துக் கணிக்க வேண்டியிருந்தது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கிய தாய்மாரின் கைகளில் இருந்தவை கடவுச்சீட்டு அளவுப் படங்களைப் பெருப்பித்த பிரதிகள். ஆனால் அவற்றுக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயர்தான் அவற்றின் பலம்.

ஆகவே, இந்தக் காப்பகங்களில் நான் கற்றுக்கொண்ட நடைமுறைகள் சிலவற்றைத் தருகிறேன்.

முதலாவது, படத்தின் பின்புறத்தில் யார், எங்கே, எந்த ஆண்டு என்று மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனை மை மறுபக்கத்துக்கு ஊறும். தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

இரண்டாவது, கைத்தொலைபேசியில் எடுத்த பிரதியோடு நிறுத்தாமல், நல்ல தரத்தில் ஸ்கான் செய்து, குறைந்தது இரு நாடுகளில் பிரதி வையுங்கள். ஒரே கூரையின் கீழ் இருப்பது ஒரே இரவில் போகும்.

மூன்றாவது, காணியோடு தொடர்புடைய படங்களைத் தனியாகப் பேணுங்கள். கிணறு, கோயில் மதில், பள்ளிக்கூடம், வீதி வளைவு போன்றவை பின்னணியில் தெரியும் கலியாணப் படம்கூட ஊர் இருந்ததற்குச் சாட்சி. நில அளவைத் திணைக்களத்திடம் போருக்கு முந்திய வான்படங்கள் உள்ளன. உறுதியோடு அவற்றையும் சேர்த்துப் பார்க்கலாம்.

நான்காவது, பொதுவில் போடுமுன் யோசியுங்கள். படத்தில் இருப்பவர் உயிரோடு இருந்தால் அவருடைய அனுமதி வேண்டும். சில படங்கள் இன்று பேணப்பட வேண்டியவை, வெளியிடப்பட வேண்டியவை அல்ல.

ஐந்தாவது, தனியாகச் செய்யாதீர்கள். 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம ஆவணக் காப்பகம் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. சனசமூக நிலையங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஊர்வாரியாகத் தொடங்கலாம். புலம்பெயர்ந்தவர்களின் வீடுகளில் அன்று தபாலில் போன படங்கள் இன்னும் இருக்கும். இங்கே அழிந்தது அங்கே ஒரு பெட்டிக்குள் கிடக்கலாம்.

தீவுப் போர்களின் படங்களை வென்ற படைகள் எடுத்தன, வென்ற நாடுகள் பேணின. ஒயிம்பாரியின் பெயர் கிடைத்ததும் ஒக்கினாவாவின் சுருள்கள் ஊர் திரும்பியதும், யாரோ விடாமல் தேடியதால். உங்கள் அல்பத்தில் பெயர் எழுதப்படாத ஒரு படம் இருந்தால், இந்தக் கிழமையே அதை எடுத்து, வீட்டில் மூத்தவரிடம் கொடுத்து, இவர் யார் என்று கேளுங்கள்.